ஆயிரத்து நூற்றுப் பதினாறு, இரண்டு முறை

என் அக்காள் புருஷன் லெயார்கோ பொம்பானி இருபத்திரண்டு வருஷம் எண் அடித்தார். அதைத் தவிர அவர் வாழ்க்கையில் சொல்லும்படி ஒன்றும் செய்யவில்லை. மொதேனாவில் கார் கம்பெனியில் வேலை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வாய் பிளந்துவிடும். ஓட்டியிருக்கிறீர்களா, எவ்வளவு வேகம் போகும் என்று பிடுங்குவார்கள். அவர் ஓட்டியதில்லை. அவரிடம் லைசென்ஸே கிடையாது. கடைசிவரை சைக்கிள்தான்.

மொந்தோர்சி கம்பெனி பெரிய கம்பெனி இல்லை. வருஷத்துக்கு எழுபது, எண்பது கார் செய்தார்கள். இரண்டு பேர், இரண்டு பெட்டி. காலையில் இங்கே கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பாரிஸ். அப்படிப்பட்ட கார்கள். ஒவ்வொன்றின் சேஸிஸிலும், முன்சக்கர ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், நான்கு இலக்கம் அடிக்க வேண்டும். இலக்கத்துக்கு ஒரு எஃகு அச்சு, அச்சுக்கு ஒரு அடி. சரியாக விழவில்லை என்று இன்னொரு தரம் அடித்தால் இலக்கம் இரட்டையாகத் தெரியும். அத்தான் இரண்டாம் அடி அடித்ததே இல்லை. அவர் கர்வம் முழுக்க அந்த ஒன்றில்தான் இருந்தது, அதையும் வெளியே சொல்ல மாட்டார். சேஸிஸ் வெறும் சட்டமாக மேடைமேல் இருக்கும்போதே நின்றுகொண்டு அடித்துவிடுவார். அதனால் அவர் எண்கள் ரூல் போட்டதுபோல் நேராக இருக்கும்.

1963 ஜூலைக் கடைசி வெள்ளிக்கிழமை. மறுநாளிலிருந்து ஆகஸ்ட் விடுமுறை, ஊரே கடலுக்குப் போய்விடும். லுகானோக்காரர் ஒருவருக்கு அன்று மாலை ஒரு சாம்பல் நிறக் கார் எல்லை தாண்டியாக வேண்டும். சுங்கக் காகிதம் எல்லாம் 1116 என்ற எண்ணுக்குத் தயார். ஆனால் 1116 பெயின்ட் அறையில் கிடந்தது. பானெட்டில் பெயின்ட் கொப்புளித்துவிட்டதால் மறுபடி சுரண்டி அடிக்க வேண்டும் என்றார்கள்.

அதே சாம்பல் நிறத்தில் அதற்கு அடுத்த கார் முழுசாக முடிந்து நின்றது. அதற்கு எண்ணே அடிக்கவில்லை. காரணம், அடுத்த எண் 1117. எங்கள் ஊரில் பதினேழு அபசகுன எண், ஹோட்டலில் அந்த எண்ணில் அறை கூடக் கிடையாது. இந்த எண்ணைப் போடுவதா, தாண்டுவதா என்று முதலாளியும் ஃபோர்மேனும் மூன்று வாரமாக முடிவு செய்யாமல் இழுத்தடித்தார்கள். கார் வளர்ந்து, இன்ஜின் ஏறி, மட்கார்டு ஏறி, எண் இல்லாமலே நின்றது.

ஃபோர்மேன் அத்தானிடம் வந்தார். "லெயார்கோ, இதுல 1116 அடிச்சிரு. இது போகட்டும். பெயின்ட்ல கெடக்குதே, அதுல லீவு முடிஞ்சு வந்து நம்பரை மாத்திக்கலாம்."

மட்கார்டு மறைத்ததால் நின்று அடிக்க இடமில்லை. அத்தான் தரையில் ஒருக்களித்துப் படுத்து, அரைக் கை வீச்சில் அடித்தார். நான்கு இலக்கமும் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தன. கார் ஸ்விட்சர்லாந்து போய்விட்டது.

விடுமுறை முடிந்தபோது அத்தானுக்கு மஞ்சள் காமாலை. செப்டம்பர் முழுக்கப் படுக்கை. திரும்பி வந்தபோது பெயின்ட் அறைக் கார், முதலில் நேராக அடித்த 1116 எண்ணோடு, பொலோஞ்ஞாவில் ஒரு மாட்டு டாக்டருக்கு விற்றுப் போயிருந்தது. அத்தான் பதறிக்கொண்டு ஃபோர்மேனிடம் ஓடினார்.

"ஒண்ணு அங்க, ஒண்ணு இங்க," என்றாராம் ஃபோர்மேன். "ரெண்டும் சந்திச்சுப் பேசிக்கவா போகுது? போய் வேலையப் பாரு."

கம்பெனி 1971இல் மூடிவிட்டது. எண்ணெய் விலை ஏறிய பிறகு அந்தக் கார்களை எவரும் சீண்டவில்லை. கோழிக்கூடாக ஒன்று இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பிறகு எழுபதுகளின் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பைத்தியம் ஆரம்பித்தது. துரு தின்ற சட்டத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து, அதற்குக் கதவு தேடி, விளக்கு தேடி, உயிர் கொடுக்கிறார்கள். முதலில் காரை விரும்பினார்கள். போகப்போக எண்ணை விரும்பத் தொடங்கினார்கள். சட்டத்தில் எண் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் புதிதாகச் செய்துகொள்ளலாம். எண் பொய்யானால் முழுக் காரும் பொய்.

வைனர் பாரால்தி அந்தப் பைத்தியங்களில் ஒருவன். பன்றி இறைச்சிக் கடைக்காரன், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. 1979இல் லுகானோவுக்குப் பக்கத்தில் ஒரு வைக்கோல் கொட்டகையிலிருந்து ஒரு மொந்தோர்சியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தான். அடியில் எண் 1116. அத்தானைச் சைக்கிளோடு இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணே, இது உங்க கைதானே? பாத்துச் சொல்லுங்க."

அத்தான் குனிந்து பார்த்தார். சாய்ந்த இலக்கங்கள். "ஆமா. என் கைதான்."

அது உண்மை. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொலோஞ்ஞாக் கார் ஆற்றில் விழுந்து நொறுங்கிவிட்டதாக யாரோ எப்போதோ சொன்னதை அவர் நம்பிக்கொண்டிருந்தார். நம்புவது வசதியாகவும் இருந்தது. வைனர் ஒரு கடிதம் கேட்டான். கார்களைப் பதிவு செய்யும் கமிட்டி ஒன்று அப்போதுதான் முளைத்திருந்தது, அதற்குக் காட்ட வேண்டுமாம்.

இங்கேதான் நான் வருகிறேன். என் பெயர் நீவெஸ். நோட்டரி ஒருவரின் ஆபீசில் டைப்பிஸ்ட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அக்காள் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அத்தான் சமையலறையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த நம்பர அடிச்சது நான்தான். அவ்வளவுதான் எழுது நீவெஸ்."

"அவ்வளவுதானா? பால்காரனுக்கு எழுதற சீட்டா அத்தான் இது?"

"அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. இருபது வருஷமாக வீடு விற்பவர்களுக்கும் உயில் எழுதுபவர்களுக்கும் கம்பீரமான வாக்கியம் அடித்துப் பழகிய கை. என் அத்தானுக்கு மட்டும் ஒற்றை வரியா? ஆபீஸ் தாளில் அடித்தேன்: "மொந்தோர்சி கம்பெனி தயாரித்த 1116ஆம் எண் கார் இது ஒன்றே எனவும், இவ்வெண்ணில் வேறு கார் எக்காலத்தும் இல்லை எனவும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்." இன்னும் அழகாக இருக்கட்டும் என்று, நோட்டரி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவருடைய வட்ட முத்திரையையும் குத்தினேன். அத்தானுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். முத்திரையைப் பார்த்து, "அடேங்கப்பா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வைனர் எட்டு வருஷம் அந்தக் காரைச் செய்தான். கடை மூடியதும் கராஜ், கராஜ் விட்டால் கடை. அவன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு ஒரு வருஷம் ரெஜ்ஜோவில் தாய் வீட்டில் இருந்துவிட்டு வந்தாள். என் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக் கராஜ் சுவரில் மாட்டியிருந்தான். ஞாயிறுதோறும் கையில் ஒரு பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அக்காள், இரிதே அவள் பெயர், கோழிச் சாற்றில் தொர்த்தெல்லினிக் கொழுக்கட்டை போடுவாள். உள்ளே வைக்கும் இறைச்சி வைனர் கடையது. கார் முடிந்ததும் முதல் ஆளாக அத்தானை உட்கார வைத்து ஊரைச் சுற்றி வந்தான். தாம் எண் அடித்த காரில் அத்தான் உட்கார்ந்தது அன்றுதான். இறங்கியதும் கொல்லைக்குப் போய் மூக்கைச் சிந்தினார்.

1990 இலையுதிர் காலத்தில் ஒரு புதன்கிழமை, மணி பதினொன்று இருக்கும், கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண்மணி வந்தாள். ஐம்பத்தைந்து வயது, நல்ல காலணி, பொலோஞ்ஞாப் பேச்சு. அர்ஜியா ஜனாசி. மாட்டு டாக்டரின் விதவை. அன்று எனக்கு ஆபீஸ் இல்லை, நானும் இருந்தேன். அவள் ஒரு காகிதத்தை மேஜையில் விரித்தாள். எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தது. 1116. நேராக இருந்தது.

"என் வீட்டுக்காரர் போன வருஷம் தவறிட்டாரு. வண்டியப் பதிவு பண்ணலாம்னு எழுதினேன். கமிட்டிலேர்ந்து பதில் வருது, இந்த நம்பர் ஏற்கெனவே வேற வண்டிக்கு இருக்காம், எங்க வண்டியில யாரோ திருட்டுத்தனமா அடிச்சிருக்காங்களாம். யாரோன்னா யாரு? அறுபத்து மூணுலேர்ந்து அது எங்க வீட்லதான் கெடக்கு."

அத்தான் காகிதத்தை எடுக்கவில்லை.

"வண்டி எனக்குப் பெரிசில்ல ஐயா. மாட்டுக்குப் பிரசவம் பாக்க அதுலதான் போவாரு, சீட்டுக்குப் பின்னாடி வைக்கோல் நாத்தம் இன்னும் போகல. ஆனா அவரு திருடர் இல்ல. அத ஒருத்தர் சொன்னாப் போதும் எனக்கு."

"வண்டிய நேர்ல பாக்கணும்மா," என்றார் அத்தான். "பாக்காம சொல்ல முடியாது."

பொய். பார்த்த உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவள் போனதும் முற்றத்துக்குப் போய், ஏற்கெனவே காற்று நிறைந்திருந்த சைக்கிள் டயருக்கு மறுபடி காற்றடிக்க ஆரம்பித்தார். நான் போய்ப் பம்பைப் பிடுங்கினேன். அப்போதுதான் வெள்ளிக்கிழமை, பெயின்ட், பதினேழு எல்லாவற்றையும் சொன்னார்.

"அத்தான், அந்த லெட்டர்ல நான் வேற மாதிரி அடிச்சிட்டேன்."

"வேற மாதிரின்னா?"

"இது ஒண்ணுதான், வேற இல்லவே இல்லன்னு. உங்க பேர்ல."

பம்பை என் கையிலிருந்து வாங்கிச் சுவரோரம் சாய்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"அந்த சீலு? அது நோட்டரிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வாயத் திறக்காத. இன்னும் எத்தனை வருஷம் பென்ஷனுக்கு?"

"நாலு."

"வாயத் திறக்காத," என்றார் மறுபடி.

அந்தக் குளிர்காலம் எங்கள் வீட்டில் மூச்சு விட முடியவில்லை. டெலிபோன் அடித்தால் அத்தான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். ஞாயிறு வந்தால் வைனர் வருவான். "என்ன அண்ணே, தட்டு அப்படியே இருக்கு? என் இறைச்சி கசக்குதா?" என்று சிரிப்பான். விதவை விடாமல் எழுதியதில் கமிட்டி வைனரையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தது. பொலோஞ்ஞாவில் எவனோ 1116 போலி அடித்து வைத்திருக்கிறான், கமிட்டியில் நாம் இரண்டு பேரும் போய் அவன் முகத்திரையைக் கிழிப்போம் என்பான். அத்தான் கரண்டியால் சாற்றைக் கலக்கிக்கொண்டே இருப்பார். சொன்னால் வைனரின் எட்டு வருஷம் போச்சு. சொல்லாவிட்டால் செத்துப்போன ஒரு மனிதன் திருடன். முழுசாகச் சொன்னால் என் வேலை போச்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர், அதில் ஒரு சுவர் நான் கட்டியது. நானோ இறங்கி வந்து உதவாமல், மாடியில் உட்கார்ந்து அவர்மேலேயே எரிச்சல் பட்டேன். இந்த மனுஷன் ஒரு வெள்ளிக்கிழமை முடியாது என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று அக்காளிடம் பொரிந்தேன். அடுத்தவர் தப்பு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது பாருங்கள்.

ஏப்ரலில் விசாரணை. ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் இரண்டு கார்களையும் அக்கம்பக்கமாக நிறுத்தியிருந்தார்கள். வைனருடையது கண்ணாடிபோல் மின்னியது. விதவையுடையதில் கதவோரம் துரு, கூரையில் பறவை எச்சம். இரண்டும் சாம்பல் நிறம். இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு இரண்டும் சந்தித்துவிட்டன. கமிட்டியில் மூன்று பேர், தலைவர் குவாய்தோலி என்று ஒரு வக்கீல். நானும் அக்காளும் இரண்டாம் வரிசையில்.

அத்தான் முதலில் விதவையின் காரிடம் போனார். பானெட்டைத் தூக்கி, குனிந்து, கட்டை விரலால் எண்ணைத் தடவினார். பிறகு வைனருடையது. நிமிர்ந்தபோது முழங்கால் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

"ரெண்டும் என் கைதான். அந்தம்மாவுது முதல்ல அடிச்சது, நின்னுக்கிட்டு. இது படுத்துக்கிட்டு அடிச்சது, அதான் சாஞ்சிருக்கு. டாக்டர் ஒரு தப்பும் பண்ணல." பிறகு திரும்பி, "உன்னுது ரெண்டாவது, வைனர்," என்றார்.

வைனர் கையிலிருந்த துணியால் மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தான், நிறுத்தவில்லை.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். குவாய்தோலி ஒரு தாளை எடுத்தார். என் கடிதத்தின் நகல்.

"இந்தக் கையெழுத்து உங்களுதுதானே?"

"என்னுதுதான்."

"'வேறு கார் எக்காலத்தும் இல்லை'ன்னு இருக்கு. நோட்டரி முத்திரை இருக்கு. இன்னிக்கு ரெண்டுங்கறீங்க. நாங்க எத எடுத்துக்கறது?"

"இன்னிக்குச் சொல்றத."

"அன்னிக்கு ஏன் இப்படி எழுதினீங்க?"

"எழுதினது..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

"உங்களுக்காக வேற யாராவது எழுதினாங்களா? அப்படின்னா சொல்லுங்க, அவங்களக் கூப்பிட்டு விசாரிக்கலாம்."

"ஞாபகம் இல்ல."

அடித்த எண் அத்தனையும் வரிசையாக ஒப்பிக்கக்கூடிய மனிதர். அவருக்கு ஞாபகம் இல்லையாம். அப்போதும் அவர் எங்கள் வரிசைப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் நான் மாட்டிக்கொள்வேன் என்று எதிர்ச் சுவரில் இருந்த கூடைப்பந்து வளையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் எழுந்திருக்க வேண்டும். "அந்த வாக்கியம் என்னுது, அவருது இல்ல" என்று ஒரு வரி. என் கைப்பை மடியில் இருந்தது. அதன் கொக்கியைத் திறந்தேன், மூடினேன். நோட்டரியின் முகம், நான்கு வருஷம், தெருவில் பேசுவார்கள். கொக்கியைத் திறந்தேன், மூடினேன். அக்காள் என் முழங்கையை ஒருமுறை இடித்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

"1117ன்னு ஒரு வண்டி இருக்கணும்ல," என்றார் அத்தான், கடைசி முயற்சியாக. "கம்பெனிப் புத்தகத்தப் பாருங்க. காலியா இருக்கும். அந்த வண்டிதான் இது."

"காலியாத்தான் இருக்கு," என்றார் குவாய்தோலி. "பதினேழ எவன் போடுவான்?"

கூடமே சிரித்தது. நான்கூட, பழக்கத்தில், உதட்டை அசைத்துவிட்டேன். அதை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

சுங்கக் காகிதம் லுகானோக் காருக்கு இருந்தது, முத்திரைக் கடிதம் இருந்தது. விதவைக்கு, பழைய காகிதம் எதுவும் மிஞ்சாததால், என் அத்தானின் வாய்ச்சொல் மட்டும். தன் வாயாலேயே தன்னைப் பொய்யன் ஆக்கிக்கொண்ட கிழவரின் சொல் யாருக்கு வேண்டும்? வைனருடையதே 1116 என்று தீர்ப்பு. விதவையின் காருக்கு எதிரே "போலி எண்" என்று எழுதிக்கொண்டார்கள். அவள் போகும்போது அத்தானிடம் வந்து கை கொடுத்தாள். என்னைக் கடந்துதான் போனாள், நான் தலையைக் குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடினேன்.

அடுத்த ஞாயிறு வைனர் வந்தான். கார் இல்லாமல் நடந்து வந்தான், கையில் பொட்டலம் இருந்தது. சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"பன்னெண்டு வருஷத்துல ஒரு நாள் சொல்லியிருக்கலாமே அண்ணே."

"ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாடு முடியட்டும்னு பாப்பேன். நீ கெளம்பிருவ."

வைனர் தீர்ப்பைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கண்ணாடி போட்ட கடிதத்தைச் சுவரிலிருந்து கழற்றி எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான், அவ்வளவுதான். காரைத் துணி போட்டு மூடியவன் பிறகு எந்தக் கண்காட்சிக்கும் எடுத்துப் போகவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

1995இல் பென்ஷன் வந்தது. இனி என்ன பயம் என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை. இத்தனை நாள் கழித்து எதற்கு என்று எனக்கு நானே புதிதாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

1998 நவம்பரில் அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நுரையீரல். ஒரு பிற்பகல் அக்காள் மருந்து வாங்கப் போயிருந்தாள். "அந்த லெட்டர எடுத்துட்டு வந்து படி நீவெஸ்," என்றார். "நான் ஒரு தடவகூட முழுசாக் கேட்டதில்ல."

மறுநாள் கண்ணாடிச் சட்டத்தோடு எடுத்துப் போய்ப் படித்தேன். எக்காலத்தும், இதன்மூலம், உறுதி கூறுகிறேன். என் குரல் எனக்கே சகிக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க," என்றார். "நான் பேசுற மாதிரி இல்ல, அவ்வளவுதான்."

"அன்னிக்கு நான் எழுந்திரிச்சிருக்கணும் அத்தான்."

"நீ எழுந்திரிப்பேன்னு கொஞ்ச நேரம் காத்துக்கிட்டிருந்தேன்," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். நான்கு நாள் கழித்துப் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த வாரத்தில் என் சொந்த டைப்ரைட்டரை மேஜைமேல் தூக்கி வைத்தேன். வெள்ளைத் தாள், தலைப்பு இல்லை. இந்த நம்பர அடிச்சது நான்தான், ரெண்டு வண்டியிலயும். முதல்ல அடிச்சது பொலோஞ்ஞா வண்டியில. டாக்டர் ஒரு தப்பும் பண்ணல. அத்தான் பேசியபடியே அடித்தேன், அழகு படுத்தவில்லை. அதற்குக் கீழே, 1979 கடிதத்தின் வாக்கியத்தை எழுதியதும் முத்திரையைக் குத்தியதும் நான், லெயார்கோ பொம்பானிக்கு அதில் பங்கு இல்லை என்று ஒரு வரி சேர்த்தேன். இரண்டு பிரதி. ஒன்று கமிட்டிக்கு, ஒன்று அர்ஜியா ஜனாசிக்கு.

கையெழுத்துப் போட அவர் இல்லை. நான் நீவெஸ் மலாகோலி என்று போட்டேன்.